கண்ணாடிக்கு முழுசு, பம்பருக்குப் பாதி

உலகத்துக்கே காரு செஞ்சி அனுப்புற ஊரு நம்ம ஊரு, தம்பி. 1998-ல இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய்க்காரன் மொத சாண்ட்ரோவ வெளிய உட்டான். 2010-ல ஒரகடத்துல ரெனோ-நிசான் வந்துச்சி. அப்புறம் அப்பல்லோ டயரு, பாரத்பென்ஸ் லாரி, ராயல் என்ஃபீல்டு புல்லட்டு. ஸ்ரீபெரும்புதூர்ல செயின்ட்-கோபெய்ன் கண்ணாடி. கார மோதி உடைச்சிப் பாக்குறதுக்குன்னே ஒரகடத்துல ஒரு சர்க்காரு ஆராய்ச்சிக் கூடம் வேற இருக்குது. எல்லாத்தையும் தயார் பண்ணிட்டாங்க. இன்சூரன்ஸ் பேப்பரைப் படிக்கிற பையன் ஒருத்தனைத்தான் இன்னும் தயார் பண்ணல.

நீ கார் வாங்குன கூத்த நான் பாத்தேனே! மூணு மாசம் போனத் தடவித் தடவிப் பாத்த. மைலேஜ் எத்தினி, ஏர்பேக் எத்தினி, டிக்கியில எத்தினி பொட்டி வெக்கலாம். சித்திரை வெயிலு மண்டைய பொளக்குற ஊர்ல, கூரையில ஓட்டை போட்ட வண்டிதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்ன. அதுக்குப் பேரு சன்ரூஃபாம். வாங்குன அன்னிக்கி ஷோரூம்ல கதவு ஒசரத்துக்கு ஒரு அட்டைச் சாவியக் குடுத்தாங்க. கேக் வெட்டுன. போட்டோக்காரன் குட்டிக்கரணம் அடிச்சி எடுத்தான். அங்கேருந்து நேரா வல்லக்கோட்டை முருகன் கோயிலு. நாலு எலுமிச்சம்பழத்த நசுக்கியாச்சி. அந்தாண்ட இன்சூரன்ஸ் பேப்பரு? பிளாஸ்டிக் கவரோட டேஷ்போர்டு பொந்துக்குள்ள போனது போனதுதான். காக்காணி கழனி வாங்கினாக்கூட பத்திரத்த நாலு பெருசுங்ககிட்ட படிச்சிக் காட்டுற நீ, பத்து லட்ச ரூவா பேப்பரைப் பிரிச்சிக்கூடப் பாக்கல. ஏன்? அதுல படம் இல்லியே!

இப்போ பம்பரு போச்சி. கூட்ரோட்டுல கண்டெய்னர்காரன் ரிவர்ஸ் எடுத்தான், நீ போன் பாத்துகினு இருந்த. சரி உடு. சர்வீஸ் சென்டர்ல பில்லு நீட்டினான். பாதிதான் கம்பெனி தரும்னான். உடனே உனக்கு வந்துச்சே ஒரு கோவம்! “வண்டிக்கு ஆறு மாசங்கூட ஆவல, பாதியக் கழிக்கிறான், ஏமாத்துறான்”னு டீக்கடையில நாலு நாளா அதே பேச்சி.

யாரும் ஏமாத்தல, கண்ணு. எல்லாருக்கும் ஒரே கணக்குதான். ரப்பரு, நைலானு, பிளாஸ்டிக்கு, டயரு, டியூபு, பேட்டரி, ஏர்பேக் இதுக்கெல்லாம் பாதிதான். வண்டிக்கு வயசு ஒரு நாளா இருந்தாலும் பாதிதான். ஃபைபருக்கு 30 சதவீதம் கழிவு. தகரத்துக்கு மட்டுந்தான் வயசு பாக்குறான். ஆறு மாசத்துக்குள்ளன்னா கழிவே இல்ல, ஒரு வருஷத்துக்குள்ளன்னா 5 சதவீதம், ரெண்டு வருஷம்னா 10, மூணுன்னா 15, நாலுன்னா 25, அஞ்சின்னா 35, பத்துன்னா 40, அதுக்கு மேல பாதி. கண்ணாடிக்கு மட்டும் ஒரு பைசா கழிவு கெடையாது. எம்-சாண்ட் லாரி கல்லு தெறிச்சி கண்ணாடி விரிசல் உட்டா முழுசும் வரும். அதே கல்லு கொஞ்சம் கீழ எறங்கி பம்பருல பட்டா பாதி. கல்லுக்குத் தெரியுமா இதெல்லாம்? உனக்குத் தெரியணும்.

கழிவே வேணாம்னா ‘ஜீரோ டெப்’னு ஒண்ணு இருக்குது. கூடக் காசு கட்டணும். புது வண்டிக்கு அது நியாயம்தான்னு நானும் சொல்வேன். ஆனா ஷோரூம்ல உன்னக் கேட்டானே, “சார், ஜீரோ டெப் போடட்டுமா, ஸ்டீரிங் கவரும் சீட் கவரும் போடட்டுமா”ன்னு, நீ எதுக்குத் தலையாட்டுன? சீட் கவருக்கு. அங்கியே இன்சூரன்ஸ் போட்டாவணும்னு சட்டமும் இல்ல. வேணுங்குற கம்பெனியில வேணுங்குற எடத்துல போட்டுக்கலாம்.

இந்த பம்பரு கதையிலியே இன்னொரு கணக்கு பாரு. பம்பரு 12,000 ரூவான்னு வெச்சிக்கோ. பாதி போனா 6,000. 1500 சி.சி.க்குக் கம்மியான காருக்கு மொத 1,000 ரூவா உன் கைக்காசு, அது கட்டாயம். மிச்சம் 5,000 வருது. கிளைம் வாங்கிட்டியா, அடுத்த வருஷம் வர வேண்டிய 20 சதவீத நோ கிளைம் போனஸு போச்சி. உன் வண்டிச் சேதத்துக்கான பிரீமியம் 15,000-ன்னா, 3,000 அதுலியே போச்சி. கைல நிக்கிறது 2,000. அதுக்காவ ரெண்டு நாளு ஷிப்டுக்கு லீவு போட்டுகினு சர்வேயர் வரலியேன்னு வாசல்ல குந்திகினு இருந்த பாரு, அந்த ரெண்டு நாள் சம்பளம் எத்தினி? இத எண்ணுறதுக்கு என்ஜினியரிங் படிக்கணுமா இன்னா? கண்ணாமூச்சி ஆடுற புள்ளகூட விரல் உட்டு எண்ணிடுமே!

உன் சேக்காளி ஒருத்தன் இருக்கான். அவன் கதை இதவிட சோக்கு. வண்டி வாங்கி ஒண்ணர வருஷம் ஆச்சி. சுங்குவார்சத்திரத்தாண்ட டிவைடர்ல ஏத்திட்டான். “எனக்கின்னா, மூணு வருஷம் இன்சூரன்ஸ் இருக்குது”ன்னு காலரத் தூக்கி உட்டுகினு போனான். சர்வீஸ் சென்டர்ல போய்ப் பாத்தா ஒண்ணுமில்ல. சுப்ரீம் கோர்ட்டு சொல்லி 2018 செப்டம்பர் 1-லருந்து புதுக் காருக்கு மூணு வருஷம், புது பைக்குக்கு அஞ்சி வருஷம் இன்சூரன்ஸ் சேத்துதான் போடணும். ஆனா எது? தேர்டு பார்ட்டி மட்டும். அதாவது உன்னால அடுத்தவனுக்கு ஆன சேதத்துக்கு. உன் வண்டிக்கு ஆன சேதத்துக்கு ஒரு வருஷந்தான் போட்டிருந்தான். ஒரே பேப்பருல ரெண்டு தேதி போட்டிருக்கும், ஒண்ணு பக்கத்துல ஒண்ணு. இவன் பெரிய தேதியப் பாத்துட்டு சின்னத் தேதிய உட்டுட்டான். டிவைடர் கல்லுக்கு வந்த சேதத்துக்கு கம்பெனி குடுக்கும். இவன் வண்டிக்கு இவனேதான். 90 நாளுக்கு மேல உட்டதுல போனஸும் காலி.

கௌரவத்துக்கு வருவோமா? நம்ம ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல போட்டா டி.என். 87-னு வரும். அது பட்டிக்காட்டு நம்பராம். மாமா ஊட்டு அட்ரஸக் காட்டி டி.என். 07 வாங்குனானுங்க கொஞ்சம் பேரு. அடையாறு, திருவான்மியூர் பக்கத்து நம்பரு, சிக்னல்ல மதிப்பு ஏறுமாம். நம்பரு மட்டுமா ஏறும்? அந்தக் காலத்து அரசாங்க ரேட்டுப் புஸ்தகத்துல நாட்டையே ரெண்டாப் பிரிச்சி வெச்சிருந்தான். சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத், அகமதாபாத், பூனா இந்த எட்டு ஊரும் ‘ஏ’. மிச்சம் இருக்குற இந்தியா பூரா ‘பி’. 1000 சி.சி.க்குள்ள, அஞ்சி வயசுக்குள்ள இருக்குற காருக்கு பிரீமியம் ‘ஏ’ ஊர்ல வண்டி மதிப்புல 3.127 சதவீதம், ‘பி’ ஊர்ல 3.039. அஞ்சி லட்ச ரூவா வண்டிக்கு வித்தியாசம் 440 ரூவா. 2007 ஜனவரியிலருந்து கம்பெனிங்களே ரேட்டு வெச்சிக்கலாம்னு ஆயிடுச்சி, ஆனாலும் அந்த ‘ஏ’, ‘பி’ பாகப்பிரிவினை போவல. வண்டி ஓடுறது பூரா ஒரகடம், படப்பை, மணிமங்கலம். கட்டுறது சென்னைக்காரன் ரேட்டு. தேர்டு பார்ட்டிக்கு மட்டும் இந்த ஏ, பி கெடையாது. 2022 ஜூன் 1-ல வந்த கணக்குப்படி 1000 சி.சி.க்குள்ள 2,094, 1500-க்குள்ள 3,416, அதுக்கு மேல 7,897. காஷ்மீர்க்காரனுக்கும் அதான், காட்ராம்பாக்கத்துக்காரனுக்கும் அதான்.

ரேட்டு ரெண்டு மூணு வகைதான், தம்பி. பொலம்பல்தான் ஊருக்கு ஊரு மாறுது. டெல்லி, பஞ்சாப் பக்கம் போனா திருட்டுப் பொலம்பல். வண்டி போச்சி, போலீஸ்ல எழுதிட்டேன், கம்பெனிக்கு லேட்டா சொன்னேன், அதனால காசு இல்லன்னுட்டான். ஜலந்தர்ல ஒருத்தரு டிராக்டரு களவு போயி, போலீஸுக்கு ஒடனே சொல்லிட்டு, கம்பெனிக்கு 52 நாள் கழிச்சி சொன்னாரு. அந்த வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயி, 2020-ல மூணு நீதிபதிங்க சேந்து சொன்னாங்க: போலீஸ்ல ஒடனே எழுதியாச்சி, களவு நெசம்னா, கம்பெனிக்கு லேட்டா சொன்னேன்னு மட்டும் கையக் கழுவாதே. நியாயம். ஆனா ராஜஸ்தான்காரரு ஒருத்தரு புது பொலேரோவ டெம்பரரி நம்பர்ல ஓட்டிகினு ஜோத்பூர் போனாரு. டெம்பரரி தேதி முடிஞ்சி பத்து நாள்கூட ஆவல, வண்டி களவு போயிடுச்சி. 2021-ல அதே கோர்ட்டு, ரிஜிஸ்ட்ரேஷன் இல்லாத வண்டிய ரோட்டுக்கே எடுக்கக் கூடாதே, காசு கெடையாதுன்னுடுச்சி. நல்ல நாள் பாத்துதான் நம்பர் போடுவேன், ஆடி போவட்டும், அமாவாசை போவட்டும்னு சொல்றியே, இதக் கேட்டுக்கோ.

மும்பை, சென்னைன்னா தண்ணிப் பொலம்பல். 2005 ஜூலை 26-ல மும்பையில ஒரே நாள்ல 944 மில்லி மீட்டர் கொட்டிச்சி. நம்ம செம்பரம்பாக்கம் ஏரியத் தொறந்து, 2015 டிசம்பர்ல அடையாத்துல வந்த தண்ணிய நீயே பாத்திருப்ப. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலு, வரதராஜபுரம், முடிச்சூர் பக்கம் மறுபடி முங்கிச்சி. அப்பல்லாம் காருக்காரங்க செஞ்சது இன்னா தெரியுமா? தண்ணி வடிஞ்சதும் மொத வேலையா சாவியத் திருகுனாங்க. காத்து போற வழியில தண்ணி புகுந்து சிலிண்டர்ல நிக்குது. காத்த அமுக்கலாம், தண்ணிய அமுக்க முடியுமா? கனெக்டிங் ராடு வளைஞ்சி எஞ்சினு படுத்துடுச்சி. கம்பெனிக்காரன் வந்து, வெள்ளத்துல சீட்டு ஊறுனதுக்குத் தர்றேன், நீ ஸ்டார்ட் பண்ணதால போன எஞ்சினுக்குத் தர மாட்டேன்னான். அதுக்குன்னு தனியா ‘எஞ்சின் புரொடெக்ட்’ போட்டவன் தப்பிச்சான். ஆழந் தெரியாம காலை உடாதேன்னு கெழவன் சொன்னா உனக்குப் பழமொழி. அதான் காலுக்குப் பதிலா கார உடுற. வண்டி முங்கிச்சின்னா கம்முனு கயிறு கட்டி இழுத்துகினு போ. இதுக்கு ஒரு காசும் ஆவாது.

நம்ம ஒரகடம் ரோட்டுக்குன்னு ஒரு தனிப் பொலம்பல் இருக்குது. அத டெல்லிக்காரன் சொன்னாலும் புரிஞ்சிக்க மாட்டான். கடன்ல காரு எடுப்பான். ஈ.எம்.ஐ. கட்டணுமில்ல? ஷிப்டுக்கு ஆள ஏத்திகினு போவான். வெள்ளை போர்டு, ஓன் போர்டு. தலைக்கு எழுவது, எம்பது. மாசம் பூரா அமைதியா ஓடும். ஒரு நாள் ராத்திரி ஷிப்டு முடிஞ்சி தூக்கக் கலக்கத்துல டிரெயிலர் பின்னால உட்டான்னா, சர்வேயர் வந்து உள்ள இருந்த நாலு பேரக் கேப்பான். அதுல ஒரு புண்ணியவான், “தெனம் காசு குடுத்துத்தான் சார் வர்றோம்”னு உண்மையச் சொல்லிடுவான். முடிஞ்சிது. சொந்த உபயோகத்துக்குன்னு பாலிசி, வாடகைக்கு ஓட்டம். 2008, 2010-ல ரெண்டு வழக்குல சுப்ரீம் கோர்ட்டு, இந்த மாதிரி கேஸ்ல மொத்தமா கைய விரிக்காதே, கொஞ்சம் கொறச்சாவது குடுன்னு சொல்லியிருக்குது. நாலுல மூணு பங்கு வரைக்கும் வாங்குனவங்களும் உண்டு. ஆனா அத வாங்க எத்தினி வருஷம் கோர்ட்டுப் படி ஏறணும்? டி போர்டு மாத்துற செலவு அத்தினி ஆவுமா? வேன் ஓட்டுறவனுக்கு ஒரு நல்ல சேதி: சாதாரண எல்.எம்.வி. லைசென்ஸ் வெச்சிகினு 7,500 கிலோவுக்குக் கீழ இருக்குற வாடகை வண்டியும் ஓட்டலாம்னு 2024 நவம்பர்ல அஞ்சி நீதிபதிங்க சொல்லிட்டாங்க. லைசென்ஸ் சரியில்லன்னு அந்த வகையில தட்டிக் கழிச்சது இனிமே நடக்காது.

கோர்ட்டுன்னதும் ஞாபகம் வருது. 2021 ஆகஸ்டுல நம்ம மெட்ராஸ் ஐகோர்ட்டு நீதிபதி எஸ்.வைத்தியநாதன், செப்டம்பர் 1-லருந்து எல்லாப் புது வண்டிக்கும் அஞ்சி வருஷத்துக்கு ‘பம்பர் டு பம்பர்’ கட்டாயம்னு ஒரு உத்தரவு போட்டாரு. அவரு நெனச்சது வண்டியில குந்திகினு இருக்குறவங்க உசிர. கடையில அந்தப் பேருல விக்கிறது பிளாஸ்டிக்குக்கும் தகரத்துக்கும் கழிவில்லாத பாலிசி. கம்பெனிங்க, ஷோரூமுங்க எல்லாம் கோர்ட்டுக்கு ஓடிச்சி. அதே செப்டம்பர்லியே உத்தரவத் திரும்ப வாங்கிகிட்டாரு. அந்த ஒரு மாசமும் நீங்கல்லாம் இன்னா பேசுனீங்க? “ஐயையோ, வண்டி வெல ஏறிடும்.” குந்துறவனுக்கு இன்னா கெடைக்கும்னு ஒருத்தன் கேட்டானா?

சில படிச்சவங்க வருவாங்க. எந்த மாநிலத்துல எத்தினி புகாருன்னு ஒரு பட்டியல நீட்டி, இங்க ஜனங்க திருப்தியா இருக்காங்க, அங்க அதிருப்தியா இருக்காங்கம்பாங்க. எனக்குச் சிரிப்பு வரும். கதவத் தட்டுனவன மட்டும் எண்ணிட்டு, ஊர்ல பசிச்சவன் இத்தினி பேருன்னு எழுதுற கணக்கு அது. டவுன்காரனுக்கு மெயில் எழுதத் தெரியும், தேதி போடத் தெரியும், எழுதுறான். நம்ம பசங்க? ஷிப்டு முடிஞ்சி வந்து டீக்கடையில ஒரு மூச்சி திட்டுவானுங்க, வாட்ஸ்அப்ல ஒரு ஸ்டேட்டஸ் வெப்பானுங்க, தூங்கிடுவானுங்க. அழுத புள்ளைக்குத்தான் பாலுன்னு சொல்லுவாங்க, வாஸ்தவந்தான். டீக்கடையில அழுதா டீதான் கெடைக்கும். ஒரகடத்துலருந்து புகாரு கம்மின்னு எவனாவது சொன்னா, ஒரகடத்துல கடுதாசி கம்மின்னு அர்த்தம்.

மாநிலம் மாநிலமாப் பிரிச்சிப் பாக்கணும்னா அமெரிக்காவுலதான் பாக்கணும். அங்க மாநிலத்துக்கு ஒரு சட்டம், மாநிலத்துக்கு ஒரு இன்சூரன்ஸ் கமிஷனரு. கலிஃபோர்னியாவுல அந்தக் கமிஷனருக்கே எலெக்‌ஷன் நடக்குது. 1988-ல அங்க ஜனங்களே ஓட்டுப் போட்டு, இவன் எந்தத் தெருவுல குடியிருக்கான்னு பாக்குறதுக்கு முன்னால எப்படி ஓட்டுறான்னு பாருடான்னு சட்டம் கொண்டாந்தாங்க. நமக்கு அந்தப் பேஜாரு இல்ல. ஹைதராபாத்ல குந்திகினு இருக்குற ஐ.ஆர்.டி.ஏ.ஐ.ங்குற இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் ஒண்ணுதான் நாடு பூராவுக்கும். அதனால நம்மகிட்ட கூத்தே இல்லன்னு நெனச்சிடாதே. பழைய ரேட்டுப் புஸ்தகத்துல ஒரு ஷரத்து. 500 ரூவா கூடக் கட்டினா நேபாளம், பூடான், பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கை, மாலத்தீவு வரைக்கும் உன் கார் இன்சூரன்ஸ் செல்லும். மாலத்தீவுக்கு ஒரகடத்துலருந்து எந்த ரோட்டுல போவ? கேக்க ஆளில்ல, எழுதி வெச்சிருக்கான்.

புகாரு குடுக்குற எடத்துலயும் இந்த வேடிக்கை உண்டு. குறைதீர்க்க இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன்னு ஒருத்தரு. நாட்டுல மொத்தம் பதினெட்டு ஆபீஸு. தமிழ்நாடு, புதுச்சேரி டவுனு, காரைக்கால் எல்லாம் சென்னை ஆபீஸு. அதே புதுச்சேரி யூனியனச் சேந்த மாஹேக்காரன் கொச்சிக்குப் போவணும், ஏனாம்காரன் ஹைதராபாத்துக்குப் போவணும். ஒரு முதலமைச்சருக்குக் கீழ மூணு ஊரு ஓம்புட்ஸ்மேன். நீ அவ்ளோ தூரம் அலைய வேணாம். நீ சொந்த ஊரு தேனின்னாலும், உன் கூட ரூம்ல இருக்குற பையன் ஒடிசான்னாலும், குடியிருக்குற எடத்த வெச்சே போடலாம்.

அதுக்கு முன்ன கம்பெனிக்கு எழுத்துல ஒரு புகாரு குடு. வாயால இல்ல, போன்ல இல்ல, எழுத்துல. ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யோட 155255-க்குப் போன் போட்டோ, அவங்க ‘பீமா பரோசா’ வெப்சைட்டுலயோ பதிஞ்சும் வெக்கலாம், ரெண்டு வாரத்துல கம்பெனி பதில் சொல்லியாவணும். ஒரு மாசம் பாரு. பதிலே வரலன்னாலோ, இல்லன்னு கைய விரிச்சாலோ ஓம்புட்ஸ்மேனாண்ட போ. கைய விரிச்ச தேதியிலருந்து ஒரு வருஷத்துக்குள்ள போயிடணும். 50 லட்சம் வரைக்கும் அவரு தீர்ப்பு சொல்லலாம். தீர்ப்பு கம்பெனியக் கட்டும், உன்னக் கட்டாது. புடிக்கலன்னா நீ நுகர்வோர் கமிஷனுக்குப் போவலாம். 2019 சட்டம் வந்ததுலருந்து, கம்பெனி எங்க இருக்குதோ அங்க ஓட வேணாம், நீ குடியிருக்குற எடத்துலியோ வேல செய்யிற எடத்துலியோ போடலாம். அதுக்கு ரெண்டு வருஷம் கெடு. மொதல்ல அங்க கேஸ் போட்டுட்டா ஓம்புட்ஸ்மேன் எடுத்துக்க மாட்டாரு, அத மட்டும் ஞாபகம் வெச்சிக்கோ.

ஓம்புட்ஸ்மேனுக்கு ஃபீஸு கெடையாது, வக்கீலு கெடையாது. தேனாம்பேட்டை அண்ணா சாலையில ஆபீஸு. பாலிசியையும் மறுத்த கடுதாசியையும் ஜெராக்ஸ் எடுத்துகினு பஸ்ல போ. கார எடுத்துகினு போவாதே நைனா. அந்த ரோட்டுல பார்க்கிங்கு கெடைக்காது, திருப்புறப்போ எவனாவது மறுபடி பம்பருல ஒரசுவான்.